மாம்பாக்கம் ரோட்டில் போட்ட சுண்ணாம்புக் கோடு

பயணக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி, "எந்த நாட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டார். பெருங்களத்தூர் சிக்னலைத் தாண்டிப் போனேன் என்றேன். சிரித்தார். அவர் மேற்குத் தாம்பரத்தில் பிறந்து, அங்கேயே வியாபாரம் செய்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போவதற்கே நல்ல நேரம் பார்க்கிறவர். நான்கு பந்தய சைக்கிள்களைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு இரும்புலியூரிலிருந்து வண்டலூருக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் அவருக்குத் தெரியும், சிங்கப்பூர் எவ்வளவோ பக்கம் என்று.

நான் கலைச்செல்வி. அந்தக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் சரிசெய்கிற வேலை. எறும்புத் தலை அளவுத் திருகுகளோடு பதினைந்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ரேவதி என்கிற பெண் ஒருநாள் கூலிங் கிளாஸ் கால் கழன்றுவிட்டதென்று கடைக்கு வந்தாள். நான் திருகைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "அக்கா, சைக்கிள் கியர்லயும் இதே மாதிரி குட்டி ஸ்க்ரூ இருக்கு. பாப்பீங்களா?" என்றாள். அவள் ஒரு மகளிர் சைக்கிள் பந்தய அணிக்குக் கேப்டன். ஆண்கள் அணிக்கு வேலை பார்க்கிற மெக்கானிக், பெண்கள் அணிக்கு வர நேரமில்லை என்று சொல்லிவிட்டாராம். வீடியோ பார்த்தும், என் தம்பியின் பழைய சைக்கிளை நாசம் செய்தும் கற்றுக்கொண்டேன். சம்பளம் கிடையாது. "வேலில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கற" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் வேட்டி கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்று நாள் பந்தயம். வெள்ளி வண்டலூரில், சனி பள்ளிக்கரணையில், ஞாயிறு வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில். மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முதல் மூன்று பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். எங்கள் அணியில் மோனிஷா என்று ஒரு பெண். முடிச்சூரில் வீடு, துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் மாநில அணியில் இடம்பிடித்திருக்க வேண்டும், வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. ஆகவே இந்த மூன்று நாளை விட்டால் அவளுக்கு வேறு நாள் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் வண்டிக்காரரும் அதைத் தெரிந்தேதான் புறப்பட்டோம். யாரும் வாயால் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். குட்டி யானை ஓட்டியவர் ஏழுமலை அண்ணன். ஏற்கெனவே ஃபிரிட்ஜ், பீரோ, ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி ஏற்றியவர். சைக்கிளை ஏற்றுவது அவருக்குப் புதிது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் நடுவில் பழைய போர்வையைச் செருகி, கயிறு கட்டி, நான் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன். பெருங்களத்தூரில் தொடங்கியது நெரிசல். வெளியூர் பஸ்களெல்லாம் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை நோக்கி வரிசை கட்டி நின்றன.

"இன்னாக்கா, திருவிழா கூட்டமாட்டம் கீது! ஒருத்தனாவது லேன்ல போறானா பாரு. ராங்ல வந்துகினு ஹார்ன் வேற அடிக்கறான், பேஜாரு" என்று ஏழுமலை அண்ணன் முன்னாலிருந்து கத்தினார். சொல்லிக்கொண்டே அவரும் இடதுபக்கம் மண்ணில் இறங்கினார். ஒரு கம்பி வேலியில் மோனிஷாவின் சைக்கிள் கைப்பிடி உரசி, சுற்றியிருந்த நாடா கிழிந்தது. வண்டலூர் போய்ச் சேருவதற்குள் ஓடும் வண்டியிலேயே அதைப் பிரித்துச் சுற்றி முடித்தேன்.

அன்றைக்குத் தனி ஓட்டம். ஒவ்வொருவராக வெளிவட்டச் சாலையில் போய்த் திரும்ப வேண்டும், கடிகாரம்தான் எதிரி. வெயில் ஏறுமுன் பெண்கள், பிறகு ஆண்கள் என்று அறிவித்திருந்தார்கள். போய் இறங்கியதும் மாற்றிவிட்டார்கள். கொடியசைக்க வருகிற விருந்தினருக்கு ஆண்கள் போவதைப் பார்க்க ஆசையாம். அவர் சாவகாசமாக வந்தார், பொன்னாடை போர்த்திக்கொண்டார், கொடியசைத்தார், போய்விட்டார். எங்கள் பெண்கள் சாலையோரப் புளியமரத்தடியில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏற ஏற டயர் காற்று இறுகும். நான் நான்கு சைக்கிளுக்கும் காற்றை இறக்குவதும் அடிப்பதுமாக இருந்தேன்.

மெக்கானிக்குகளுக்குக் கழுத்தில் மாட்டுகிற அட்டை கொடுத்தார்கள். என் முறை வந்ததும் மேசையிலிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மெக்கானிக் எங்கம்மா? அவர வரச் சொல்லுங்க."

"நான்தான் சார்."

"இல்லம்மா. வண்டி ரிப்பேர் பாக்கறவரு."

கையில் பம்ப், இடுப்புப் பையில் அலன் கீ, முழங்கை வரை செயின் கறுப்பு. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று தெரியவில்லை. அவர் பெட்டியைத் துழாவிவிட்டு, மெக்கானிக் அட்டை தீர்ந்துவிட்டது என்று வேறொன்றை நீட்டினார். 'பெற்றோர்' என்று அச்சிட்டிருந்தது. மூன்று நாளும் நான் பெற்றோராகவே திரிந்தேன். யாரைப் பெற்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய கொடுமை, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்கள் பாட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் தேடிப் போனார்கள். நாங்கள் எங்கே போவது? ரேவதியும் நானும் உள்தெருவில் நடந்தோம். மாடி வீடு ஒன்றின் வாசலில் நைட்டியின்மேல் துண்டு போட்ட ஒரு அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கேட்டை அகலத் திறந்தார். "எத்தினி பேரு? எல்லாரையும் இட்டாங்க. இதுக்கா கூச்சப்படறீங்க?" அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் நிலம், இப்போது பிளாட், வாடகை, ஒரு சிமெண்ட் கடை. எங்கள் அணி மட்டுமல்ல, அன்றைக்குப் பந்தயத்துக்கு வந்த அத்தனை பெண்களும் அந்த வீட்டுக்குத்தான் போய் வந்தார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு டம்ளர் காபி.

"கவர்மெண்டு ரேஸா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லங்க, சைக்கிள் சங்கம் நடத்தறது."

"சங்கத்துல ஒரு பொம்பளயும் இல்லியா?"

இல்லை என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மோனிஷா கொதிக்கிற தார் ரோட்டில் போய் வந்தாள். இறங்கியபோது உதடு வெளுத்திருந்தது. பெண்களில் ஐந்தாவது. விடியலில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டு என்ன பயன்? சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனால் பொங்கல் பொட்டலம் தீர்ந்துவிட்டது. முதலில் ஓடி முடித்தவர்கள் முதலில் தின்றுவிட்டார்களாம். பந்திக்கு முந்து என்பார்கள், முந்தவே விடாமல் பிடித்து வைத்துவிட்டு இப்போது காலியான அண்டாவைக் காட்டினார்கள். அங்கிருந்த பையனிடம் கத்தினேன். அவன்மேல் தப்பில்லை என்பது கத்தி முடித்தபிறகுதான் உறைத்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஏழுமலை அண்ணன் எங்களை ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு அழைத்துப் போனார். இட்லியும் வடகறியும். இரும்புலியூரில் எங்கள் தெருமுனைக் கடை வடகறியில் பட்டை தூக்கலாக இருக்கும், இங்கே சோம்பு. பசியில் இரண்டும் ஒன்றுதான்.

சனிக்கிழமை பள்ளிக்கரணை. தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கி, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனோம். மேடவாக்கத்தில் ஒரு கடையில் பூரி சாப்பிட்டோம். பரிமாறியவர் பெண்களின் இறுக்கமான கால்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டிராமாவா?" என்று கேட்டார். "ஆமா, மூணு நாள் டிராமா. உங்க பூரிதான் வில்லன்" என்றாள் மோனிஷா. எண்ணெய் அப்படி வடிந்தது. அவள் பூரியை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துக் கடித்தாள். வெளிநாட்டு வீராங்கனைகள் என்னென்னவோ ஜெல்லைப் பிதுக்கிச் சாப்பிடுகிறார்களாம். எங்கள் பெண்களுக்குக் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும்தான், சட்டையின் முதுகுப் பையில் உருகாமல் கிடக்கும்.

ரேடியல் ரோட்டின் ஒரு பக்கத்தை மூடிச் சுற்றுப்பந்தயம். ஒருபுறம் சதுப்பு நிலம், நீரில் நாமக்கோழிகளும் ஒற்றைக்காலில் நாரைகளும். காற்று திரும்பினால் குப்பை மேட்டு நாற்றம். பறவைகள் அதைப் பொருட்படுத்தவில்லை, பந்தயக்காரர்களும் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் குமட்டியது.

சைக்கிள் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் அணியின் வண்டி வரும், அதில் மெக்கானிக் மாற்றுச் சக்கரத்தோடு உட்கார்ந்திருப்பார். பஞ்சர் ஆனால் குதித்து இறங்கி, சக்கரத்தை மாற்றி, முதுகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டும். அதற்காகத்தான் மெக்கானிக். ஆனால் பின்னால் வர அனுமதி ஆண்கள் அணிகளுக்கு மட்டும் என்றார்கள். காரணம் கேட்டேன். "லேடீஸ் ரேஸ் சின்னதுதானே மேடம். பஞ்சர் எல்லாம் ஆகாது." ஆணியும் கண்ணாடிச் சில்லும் ஆள் பார்த்துக் குத்தும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ஆகவே நான் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டருகே நின்றேன். கடைசி இரண்டு சுற்று இருக்கும்போது நால்வராக வரவேண்டிய எங்கள் அணி இருவராக வந்தது. மோனிஷாவும் இல்லை, ரேவதியும் இல்லை. "அந்தப் பக்கம்! டயர் போச்சு!" என்று போகிற போக்கில் ஒருத்தி கத்தினாள். அந்தப் பக்கம் என்றால் வட்டத்தின் மறுகோடி. ஓட ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில், ஒரு சக்கரத்தோடு, ரேடியல் ரோட்டில் ஓடுகிற பெற்றோர்.

தண்ணீர்க் கேன் ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாகியது. "எங்க ஓடற? ஏறிக் குந்துமா" என்றார் ஓட்டியவர். கேன்களுக்கு நடுவில் குந்தினேன். "கெட்டியா புட்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, நெஞ்சு எலும்பு அதிர அந்த வண்டியை விட்டார் பாருங்கள், விமானத்தில் போனாலும் அப்படி ஒரு பயணம் வாய்க்காது.

போய்ப் பார்த்தால் நடுத்திட்டில் ரேவதி உட்கார்ந்திருந்தாள், பின்சக்கரம் இல்லாத சைக்கிளோடு. பக்கத்தில் மோனிஷாவின் பஞ்சரான சக்கரம்.

"அவ போய்ட்டா அக்கா. என் வீல கழட்டிக் குடுத்துட்டேன்."

இதுவும் வழக்கம்தான். யார் ஜெயிக்க வேண்டுமோ அவளுக்குக் கேப்டன் தன் சக்கரத்தைத் தருவாள். நான் கொண்டுவந்த சக்கரத்தை மாட்டி அவளைத் தள்ளிவிட்டேன். அதற்குள் தடுப்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பஸ், தண்ணீர் லாரி, ஆட்டோ எல்லாம் பந்தயப் பாதையில். அவற்றோடு மல்லுக்கட்டி ரேவதி எல்லைக்கோட்டுக்கு வந்தபோது நேரம் பார்க்கிறவர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். "எல்லாரும் வந்துட்டாங்கன்னு நெனச்சோம்மா." ஆண்கள் பந்தயத்தில் கடைசியாக வந்தவருக்குக் கைதட்டினார்கள். நான் பார்த்தேன்.

மோனிஷா இழந்த நேரத்தில் பாதியைத் துரத்திப் பிடித்திருந்தாள். இரண்டு நாளும் கூட்டினால் நான்காவது. மூன்றாவது இடத்தில் கோவை அணியின் சௌமியா. முதல் இரண்டு பேர் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே இடம் மோனிஷாவுக்கா சௌமியாவுக்கா என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போய், திரும்பி மாம்பாக்கத்தில் முடியும் நீண்ட ஓட்டம். நேரமில்லை என்று சொல்லி, பெண்களையும் பள்ளிக்கூடச் சிறுவர்களையும் ஒன்றாக நிற்கவைத்தார்கள். சிறுவர்களுக்குப் பாதி தூரம், பெண்களுக்கு முழுத் தூரம், புறப்படுவது சேர்ந்து. 'மகளிர் மற்றும் சிறுவர்' என்று பேனர் வேறு. ரேவதிக்கு முப்பத்தொரு வயது, ஒரு குழந்தைக்குத் தாய். பக்கத்தில் மீசை முளைக்காத பையன்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, இன்னைக்கு யார்கிட்டயும் சண்டை வேணாம். ஓட்டிட்டு வந்துடறேன்" என்றாள் மோனிஷா. அவளுக்காக வாயை மூடிக்கொண்டு மாம்பாக்கத்துக்கு வந்து காத்திருந்தேன்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால் ரோட்டில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அது சிறுவர்களுக்கானது. வளர்கிற வயதில் பெரிய கியர் மிதித்தால் முழங்கால் கெட்டுவிடும் என்பதால் சிறுவர்களுக்குக் கியர் அளவு உண்டு. சைக்கிளை உச்ச கியரில் வைத்து, முதல் கோட்டிலிருந்து பின்பக்கமாக உருட்டுவார்கள். பெடல் ஒரு முழுச் சுற்று வரும்போது சக்கரம் இரண்டாவது கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தகுதி நீக்கம். நல்ல விதி. ஜெயித்த பையனின் சைக்கிளை உருட்டினார்கள், கோட்டுக்கு உள்ளேயே நின்றது. கைதட்டினோம்.

வெயில் ஏறியபிறகு பெண்கள் வந்தார்கள். தூரத்தில் ஒரே ஒரு தலை. ஏழுமலை அண்ணன்தான் முதலில் பார்த்தார். "அக்கா, நம்ம பொண்ணுதான்! தனியா வந்துகினு கீது!" குட்டி யானையின் மேலேறி நின்று விசிலடித்தார். மோனிஷா கோட்டைத் தாண்டிப் போய்க் கீழே சாய்ந்தாள். நான் கோவைக்காரியை எதிர்பார்த்துப் பின்னாலேயே பார்த்தேன். வரவில்லை, வரவில்லை, பிறகுதான் வந்தாள் சௌமியா. அந்த இடைவெளி போதும். மூன்று நாளையும் கூட்டினால் மோனிஷா மூன்றாவது, சௌமியா நான்காவது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், சங்கத்து இளைஞர்கள் இருவர் மோனிஷாவின் சைக்கிளை அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். சக்கரம் இரண்டாவது கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிற்று. போகாமல்? அந்தக் கியரைத் தேர்ந்தெடுத்து மாட்டியதே நான்தான். பெண்களுக்கு எந்த அளவும் கிடையாது. தலைமை நடுவர் வந்தார், குனிந்து பார்த்தார், தலையாட்டினார்.

"கியர் ஓவர். டிஸ்குவாலிஃபைட்."

ஓடினேன். "சார், அது பசங்களுக்கான ரூல். இவ பொம்பள. இருபத்தஞ்சு வயசு."

"இந்த ரேஸ் மகளிர் மற்றும் சிறுவர் ரேஸ்மா. ஒரு ரேஸுக்கு ஒரு ரூல்தான் இருக்க முடியும். ஜெயிச்ச வண்டிய செக் பண்ணணும்னு இருக்கு, பண்ணிட்டோம்."

"சேத்து வுட்டது நீங்கதானே சார்?"

"டைம் இல்லாம சேத்தோம். அதுக்காக ரூலை மாத்த முடியுமா? நீங்க யாரு, பேரண்ட்டா? பேரண்ட்ஸ் எல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

பின்னாலிருந்து யாரோ, "கள்ள கியர் போட்டு ஓட்டியிருக்காங்கப்பா" என்றார்கள். மோனிஷா எழுந்து நின்றாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

ஒலிபெருக்கியில் மோனிஷா டிஸ்குவாலிஃபைட் என்று அறிவித்துவிட்டு, சௌமியாவின் பெயரைச் சொன்னார்கள். அன்றைய மகளிர் ஓட்டத்தில் முதலிடம், மாநில அணிக்கும் தேர்வு. அவள் தண்ணீர் பாட்டிலோடு வந்து விசாரித்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பாட்டிலைக் கீழே வைத்தாள். தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அந்தக் கோட்டில் நிறுத்தினாள்.

"என்ற வண்டியையும் அளங்க சார்."

"உனக்கு எதுக்கும்மா? உனக்குத்தான் ப்ரைஸ்" என்றார் நடுவர்.

"இப்ப நானுதானுங்களே ஜெயிச்சது? ஜெயிச்ச வண்டிய அளக்கோணும்னு ரூல் இருக்குதுங்களே. அளங்க."

அளக்க யாரும் முன்வரவில்லை. அவளே கியரை உச்சத்துக்கு மாற்றி, அவளே பின்னால் உருட்டினாள். சக்கரம் கோட்டைத் தாண்டியது, மோனிஷாவுடையதைவிடக் கொஞ்சம் கூடவே. "நானும் அவுட்டுங்க சார். அடுத்து யாரு?"

அவள் தியாகி மாதிரி எல்லாம் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. எரிச்சலோடுதான் இருந்தாள். மோனிஷா திரும்ப உள்ளே வந்தால் தனக்கு இடம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் போய், "எதுக்கும்மா?" என்றேன். "அவ என்னைய நேரா ஜெயிச்சா அக்கா. நாளைக்கு இந்தக் கோட்டுல என்னையும் இப்படித்தான் நிறுத்துவாங்க" என்றாள்.

மூன்றாவதாக வந்தவள் தன் சைக்கிளைக் கொண்டுவந்தாள். பிறகு நான்காவது. பிறகு ரேவதி. எல்லைக்கோட்டைத் தாண்டி வர வர, என்ன ஏதென்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, அப்படியே வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு சைக்கிளும் கோட்டைத் தாண்டியது. நான் ஒவ்வொன்றுக்கும், "அவுட்!" என்று கத்தினேன். மூன்று நாள் ஆத்திரமும் அதில் இருந்தது. கடைசி சைக்கிளும் உருண்டு முடிந்தபோது மகளிர் பிரிவில் பரிசு வாங்க ஒரு ஆள் மிச்சமில்லை. மேடையில் கோப்பைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பரிசு கொடுக்க வந்திருந்த விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நடுவரும் சங்கத்துக்காரர்களும் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள். வெகுநேரம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பாளர் குரலில் தேன் ஒழுகியது. "நமது வீராங்கனைகள் பெண்கள் என்பதைக் கருத்தில் கொண்டு, சங்கம் பெருந்தன்மையுடன் கியர் விதியைத் தளர்த்தி, அவர்களுக்குச் சலுகை வழங்குகிறது. மோனிஷா முதலிடம். மேடைக்கு வரவும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லாத விதியை எங்கள் தலையில் கட்டி, அதைத் தளர்த்திவிட்டோம் என்று பெருந்தன்மை வேறு! இடம் கிடைத்துவிட்டதே, போய் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது. ரயில்வே வேலை என்றால் சும்மாவா? போ என்று மோனிஷாவின் முதுகைத் தொட்டேன். அவள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் சௌமியா உட்கார்ந்தாள். ரேவதி, பிறகு எல்லோரும். தார் கொதித்தது. நானும் உட்கார்ந்தேன்.

நடுவர் வேர்த்து வழிய வந்தார். "ரிசல்ட் உன் பக்கம்தானேம்மா வந்திருக்கு? இன்னும் என்ன?"

"சலுகை வேணாம் சார்" என்றாள் மோனிஷா. "எங்களுக்கு அந்த ரூலே கிடையாது. அளந்தது தப்புன்னு சொல்லுங்க, வந்துடறோம்."

"அதெல்லாம் மைக்ல எப்படிம்மா சொல்றது?"

"டிஸ்குவாலிஃபைடுன்னு மைக்லதான் சார் சொன்னீங்க."

அவர் எங்களைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், விருந்தினரின் கார் கதவு திறப்பதையும் பார்த்தார். போய் அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கி, வாயருகே வைத்து, "மகளிர் வண்டிகளுக்குக் கியர் அளவு கிடையாது. அளந்தது எங்கள் தவறு" என்று முணுமுணுத்தார்.

கோவை அணிப் பெண்கள் எழப்போனார்கள். மோனிஷா கையை நீட்டித் தடுத்தாள். மூன்று நாள் பந்தயத்திலும் நான் கேட்டிராத குரலில் கத்தினாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். இந்தத் தடவை மாம்பாக்கத்துக்கே கேட்டது. அதற்குப் பிறகுதான் எழுந்தோம்.